நெளிஞ்ச டம்ளர்

மார்ச் 4

அன்புள்ள சுண்டுவுக்கு,

உன் அத்தை எழுதுறேன். கவர்மேல கோழி கிளறின மாதிரி கையெழுத்தைப் பார்த்ததும் தெரிஞ்சிருக்கும். கடவுள் புண்ணியத்துல இங்க எல்லாரும் சுகம். நீயும் சுகமா இருக்கணும்னு தினமும் ரெண்டு வேளை உன் பேரைச் சொல்லித்தான் கும்பிடுறேன். ஏழு வருஷமா ஒரு வரி எழுதாதவளுக்கு இப்ப என்ன பாசம் பொத்துக்கிட்டு வருதுன்னு நினைப்பே. நினைச்சுக்கோ, நியாயம்தான். ஆனா கிழிச்சுப் போட்டுடாதே, கடைசி வரைக்கும் படி.

உன் போன் நம்பர் என்கிட்ட இல்ல. உங்க அப்பாகிட்ட கேட்டா, எங்க அண்ணன் ஆச்சே, எதுக்கு ஏன்னு ஆயிரம் கேள்வி கேட்டுட்டு, கடைசியில மூக்குக்கண்ணாடியைக் காணோம்பாரு. அதான் நீ வேலை பார்க்கிற ஆஸ்பத்திரி பேரைப் போட்டு, ரத்தம் டெஸ்ட் பண்ற இடம்னு எழுதி அனுப்புறேன். என் போனும் எங்க வீட்டுல பொதுச்சொத்து. மணி அடிச்சா மருமகதான் முதல்ல எடுப்பா. மெசேஜ் வந்தா சத்தமா படிச்சுக் காட்டுவா. நல்ல பொண்ணுதான். வாய் மட்டும் வானொலி.

அவளுக்கு இப்ப எட்டாம் மாசம் நடக்குது. உன் அத்தானுக்கு லிஃப்ட் ரிப்பேர் பண்ற கம்பெனியிலயே சம்பளம் கூட்டிக் குடுத்திருக்காங்க. நான் அதே சீருடைக் கடைதான். பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க சட்டைக்குக் காஜா எடுத்துப் பட்டன் கட்டிக்கிட்டு, முதுகு வில்லா வளைஞ்சு போச்சு.

சரி, விஷயத்துக்கு வர்றேன். கடையில பக்கத்து மிஷின்ல ஒரு பொம்பளை இருக்கா. தங்கமானவ. புருஷன் போய்ச் சேர்ந்து பதினஞ்சு வருஷமாச்சு. சாமிக்குப் பயந்தவ. ஒரு நாள், ஒரே ஒரு நாள், புத்தி பிசகிப்போய் ஒரு ஆளோட... நீ ஆஸ்பத்திரியில இருக்கறவ, உடைச்சுச் சொல்லணுமா? இப்ப அந்த ஆளுக்கு உடம்பு சரியில்ல, கெட்ட வியாதின்னு காதுல விழுந்திருக்கு. பாவம் அவ நடுங்கிக்கிட்டு இருக்கா. என்னைப் பிடிச்சுக்கிட்டு, உங்க அண்ணன் மகளைக் கேட்டுச் சொல்லுக்கான்னு ஒரே அழுகை. அவ கேக்கச் சொன்னது இதெல்லாம்:

ஒரே ஒரு தடவைன்னாலும் ஒட்டுமா? அவ குடிச்ச டம்ளர்ல வேற யாராவது குடிச்சா ஒட்டுமா? வீட்டுல பிள்ளைத்தாச்சி இருந்தா, ஒரே கக்கூசு ஒரே சோப்புன்னு புழங்கினா வயித்துல இருக்கிறதுக்கு ஏதாவது ஆகுமா? அப்புறம் பட்டன் கட்டும்போது ஊசி குத்தி, ஒரு சொட்டு ரத்தம் பிள்ளைங்க சட்டையில பட்டுட்டா, போட்டுக்கிற பிள்ளைக்கு வருமா?

பதிலைக் கடை விலாசத்துக்கே போடு. மாஸ்டர் பிரிச்சுப் பார்க்க மாட்டார். அளவு நோட்டைத் தவிர எதையும் படிச்சா அவருக்குத் தலைவலி வந்துடும். சீக்கிரம் எழுது தாயே. அவ சரியாச் சாப்பிடக்கூட மாட்டேங்கிறா.

இப்படிக்கு,
உன் மேல என்னிக்கும் பிரியமுள்ள
அத்தை


மார்ச் 10

மதிப்பிற்குரிய அத்தைக்கு,

கடிதம் கிடைத்தது. கேட்ட கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறேன். அந்தப் பெண்ணிடம் படித்துக் காட்டுங்கள்.

ஒரு தடவை என்றாலும் தொற்றலாம். தொற்றாமலும் போகலாம். யோசித்தோ அழுதோ அதைக் கண்டுபிடிக்க முடியாது, ரத்தம் பார்த்தால்தான் தெரியும். நடந்து மூன்று நாளுக்குள் வந்திருந்தால் எச்.ஐ.வி. வராமல் தடுக்க மாத்திரை இருந்தது. இப்போது அந்த நாள் தாண்டிவிட்டது. ஆறு வாரம் ஆனதும் ஒரு முறை, மூன்று மாதம் முடிந்ததும் இன்னொரு முறை பரிசோதிக்க வேண்டும். இந்த வழியில் வருவது ஒரு நோய் மட்டும் இல்லை, நாலைந்து இருக்கின்றன. பலவற்றை முழுவதும் குணப்படுத்தலாம். குணமாகாததையும் மாத்திரையால் அடக்கி வைத்துக்கொண்டு முழு ஆயுசும் வாழலாம்.

சட்டையில் காய்ந்த ரத்தத்தால் எந்தப் பிள்ளைக்கும் எதுவும் வராது. சோப்பு, கழிப்பறை, ஒரே பாயில் உட்காருவது, கட்டிப்பிடிப்பது, இவற்றால் வராது. கர்ப்பிணிக்கும் வயிற்றில் இருக்கும் குழந்தைக்கும் பயமில்லை.

தட்டையும் டம்ளரையும் தனியாக வைக்கத் தேவையில்லை. இதை நான் இந்த வேலைக்கு வந்த பிறகு படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. அதற்கு முன்பே தெரியும்.

அந்தப் பெண் எந்த அரசு மருத்துவமனைக்குப் போனாலும் இலவசமாகப் பார்ப்பார்கள். போகச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மகள்


மார்ச் 15

என் கண்ணே சுண்டு,

பக்கத்து மிஷின்ல யாரும் இல்லடி. பக்கத்து மிஷின் ரிப்பேராகி ரெண்டு வருஷமாச்சு. அதுமேல துணி மூட்டையைத்தான் அடுக்கி வச்சிருக்கோம்.

உனக்கு முதல் வரியிலயே தெரிஞ்சிருக்கும். இருந்தும் ‘அந்தப் பெண்’ ‘அந்தப் பெண்’னு என் மானத்தைக் காப்பாத்தி எழுதியிருக்கே பாரு, அதைப் படிச்சுட்டுத்தான் மூட்டைக்குப் பின்னாடி உக்காந்து அழுதேன்.

சொல்லிடறேன். யார்கிட்டயாவது சொல்லணும். சாமிகிட்ட சொல்லியாச்சு, அவர் பதில் எழுத மாட்டேங்கிறார்.

எங்க கடைக்கு மாசாமாசம் பட்டனும் நூலும் கொண்டு வர்ற ஆள். பெட்டி நிறைய அட்டை, அட்டை நிறைய பட்டன். பெண்டாட்டி இல்ல. அதிர்ந்து பேசாத மனுஷன். எனக்குக் கண்ணு மங்கிப்போய், ஊசியில நூல் கோர்க்கிறதுக்குள்ள உயிர் போயிடுது. அது யாருக்கும் தெரியாது. மாஸ்டருக்குத் தெரிஞ்சா வேலை போயிடும். இந்த ஆள் ஒரு தடவை பார்த்துட்டார். உக்காந்து பன்னெண்டு ஊசியில நூலைக் கோர்த்து, ஊசி குத்துற குட்டி மெத்தையில வரிசையா குத்தி வச்சுட்டுப் போயிட்டார். அடுத்த மாசமும் பன்னெண்டு. அதுக்கடுத்த மாசமும். ரெண்டு வருஷமா அப்படி.

ஜனவரி கடைசியில ஒரு மத்தியானம் பேய் மழை. மாஸ்டர் பள்ளிக்கூடத்துக்கு அளவெடுக்கப் போனவர் அங்கயே மாட்டிக்கிட்டார். தண்ணி உள்ள வருதுன்னு ஷட்டரைப் பாதி இறக்கினோம். யாரும் என் கையைப் பிடிச்சு இழுக்கல சுண்டு. யார்மேலயாவது பழி போடலாம்னு பார்த்தா ஆள் கிடைக்கல. எனக்கு அம்பத்து நாலு வயசு. எல்லாம் தெரிஞ்சுதான் செஞ்சேன். அன்னிக்குச் சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது, இதையும் உன்கிட்டதான் சொல்றேன், பாவம் பண்ணின மாதிரியே தோணல. அதுதான் இப்ப ரொம்பப் பயமா இருக்கு.

பிப்ரவரியில அவர் வரல. வேற ஒரு பையன் பெட்டியோட வந்தான். அவர் ஆஸ்பத்திரியில கிடக்கார்னு சொன்னான். என்னப்பா உடம்புக்குன்னு மாஸ்டர் கேட்டதுக்குக் கண்ணைச் சிமிட்டி, “ஊர் ஊராப் போற ஆளு சார், ஊருக்கு ஒரு வீடு. கெட்ட வியாதியா இருக்கும்”னான். நான் கத்திரிக்கோலைக் கீழ போட்டுட்டேன்.

அன்னிலேர்ந்து வீட்டுல தட்டைத் தனியா வச்சுட்டேன். ஒரு ஓரம் நெளிஞ்ச எவர்சில்வர் டம்ளர் ஒண்ணு இருக்குல்ல, அதை எனக்குன்னு எடுத்துக்கிட்டேன். துணியை நானே தனியா அலசுறேன். மருமக சமைக்கும்போது அடுப்படிக்குள்ள போறதில்ல. அவ வயித்தைத் தடவிப் பாருங்க அத்தை, உதைக்குதுன்னு கூப்பிட்டா. நான் கையைப் பின்னால கட்டிக்கிட்டேன். அவ முகம் செத்துப் போச்சு. போன வாரம் உன் அத்தான்கிட்ட அழறா: “உங்க அம்மாவுக்கு என்னைக் கண்டாலே அருவருப்பு. நான் தொட்ட தட்டைத் தொட மாட்டேங்கிறாங்க.” அவன் வந்து என்னை நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேட்டான். “ஆமா, அப்படித்தான்”னுட்டேன். அவன் என்னோட பேசறதில்ல.

நீ டம்ளர்ல வராதுன்னு எழுதியிருக்கே. படிச்சேன். நம்புறேன். ஆனா கை அந்த நெளிஞ்ச டம்ளரைத்தான் தேடிப் போகுது, அதை என்ன பண்றது? ஒரு சட்டையில நெசமாவே ரத்தம் பட்டுடுச்சு. வெந்நீர்ல ஊற வச்சும் மனசு கேக்காம, அதை இஸ்திரிப் பெட்டியால வேணும்னே கருக்கிட்டேன். மாஸ்டர்கிட்ட திட்டு வாங்கினேன். திட்டு வாங்கினப்ப நிம்மதியா இருந்துச்சு.

குழந்தை பொறந்தா முதல்ல என் கையிலதான் குடுப்பாங்க. அதுக்குள்ள எனக்குத் தெரிஞ்சாகணும்டி.

உன்
அத்தை


மார்ச் 19

அன்புள்ள அத்தை,

பயப்படாதீர்கள் என்று எழுத வந்தேன். பிறகு அடித்துவிட்டேன். பயப்படுங்கள், தவறில்லை. ஆனால் பயந்துகொண்டே பஸ் ஏறுங்கள்.

இங்கேயே வாருங்கள். உங்கள் ஊர் மருத்துவமனையில் தெரிந்தவர்கள் கண்ணில் பட வேண்டாம். ரத்தத்தை நானே எடுக்கிறேன். குழாயில் பேர் எழுத மாட்டோம், ஒரு எண் மட்டும்தான். காலையில் வந்தால் சாயங்கால பஸ்ஸில் திரும்பிவிடலாம். வீட்டில் கண் டாக்டரைப் பார்க்கப் போவதாகச் சொல்லுங்கள். வந்தால் அதையும் நிஜமாகவே பார்த்துவிடலாம். கண்ணாடி போட்டால் ஊசி கோர்க்க யாரும் வேண்டாம்.

ஒன்று மட்டும் மறைக்காமல் சொல்லுங்கள். காய்ச்சல் வந்ததா? அந்த இடத்தில் புண், கட்டி, நீர் போவது மாதிரி ஏதாவது உண்டா?

உங்கள் அண்ணன் மகள்


மார்ச் 27

என் தங்கம் சுண்டு,

நல்ல சேதி! சாமி கண்ணைத் திறந்துட்டார்.

போன லெட்டர்ல உன்கிட்ட ஒண்ணை மறைச்சேன். எழுதக் கூசுச்சு. பிப்ரவரி பாதியில ஒரு புண் வந்துச்சு. காலர் பட்டன் அளவுதான் இருக்கும், வட்டமா, கெட்டியா. வலியே இல்ல. வலிச்சாலாவது கத்தலாம். அதைப் பார்த்த அன்னிக்கே ராத்திரிச் சாப்பாட்டை விட்டுட்டேன். “நான் செஞ்சது தப்புதான், தண்டனையை எனக்கு மட்டும் குடு, வீட்டுக்குக் குடுக்காதே”ன்னு விழுந்து கும்பிட்டேன். மருந்து ஒண்ணும் போடல, வெறும் நம்பிக்கைதான்.

முந்தாநாள் குளிக்கும்போது பார்க்கறேன், புண் இருந்த இடமே தெரியல! தழும்புகூட இல்ல. அழிச்சு எடுத்த மாதிரி எடுத்துட்டார். எனக்கு மேல் சிலிர்த்துப் போச்சு. மன்னிச்சுட்டேன்னு இதைவிட எப்படிடி சொல்லுவார்?

அதனால இப்ப ரத்தம் பார்க்கிறது அவ்வளவு அவசரமில்லைன்னு தோணுது. சாமி குடுத்ததைச் சோதிச்சுப் பார்த்த மாதிரி ஆயிடக்கூடாது. கடையிலயும் பள்ளிக்கூடம் திறக்கிற நேரத்து ஆர்டர் குவிஞ்சு கிடக்குது. நீ எனக்காக இவ்வளவு மெனக்கெட்டதே போதும். குழந்தை பொறந்ததும் உனக்குத்தான் முதல் சேதி.

ஆனா டம்ளரை மட்டும் இன்னும் மாத்தல. ஏன்னு தெரியல. இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்.

என்றும் உன்
அத்தை


மார்ச் 31

அத்தை,

இதை நின்றுகொண்டு படிக்காதீர்கள். உட்காருங்கள்.

உங்கள் சாமியை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் புண் ஆறியது உங்கள் பட்டினியால் இல்லை. அந்த நோயே அப்படித்தான். சிபிலிஸ் என்று பேர். ஊரில் மேகநோய் என்பார்கள். வலிக்காமல் ஒரு புண் வரும். மருந்தே போடாவிட்டாலும் சில வாரத்தில் தானாக மறையும். மறைந்து ரத்தத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். பத்து, இருபது வருடம் சத்தமில்லாமல் இருந்துவிட்டுக் கண்ணையோ மூளையையோ இதயத்தையோ பிடிக்கலாம். மன்னித்துவிட்டார் என்று வீட்டுக்குப் போனவர்கள் திரும்பி வந்ததை நான் இந்த மேஜையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். உங்கள் கடிதத்தைப் படித்ததும் கையில் இருந்த குழாயைக் கீழே வைத்துவிட்டேன். எனக்குப் பயமாக இருக்கிறது. எனக்கு.

அந்த டம்ளரை எனக்குத் தெரியும் அத்தை. ஓரம் நெளிந்தது, அடியில் வெள்ளைப் பெயின்ட் சொட்டு ஒன்று இருக்கும். ஏழு வருடத்துக்கு முன்னால், அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. படிப்புக்காக உங்கள் வீட்டில்தான் இருந்தேன். கல்யாணம் செய்துகொள்வான் என்று நம்பின ஒருவனால் ஒரு தொற்று வந்து, ஒரு வார மாத்திரை சாப்பிட்டேன். நீங்கள் என் பையிலிருந்து சீட்டை எடுத்து மருந்துக் கடையில் கேட்டீர்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுத்த நாள் அடுப்படி மேடையில் எனக்கு மட்டும் தனித் தட்டு, அந்த டம்ளர். நான் படுத்த விரிப்பை வெந்நீரில் போட்டீர்கள். அப்பாவிடம் சொல்லவில்லை, அது உண்மை. அந்தப் பெருந்தன்மைக்கு நான் எட்டு நாள் நன்றியோடு அந்த டம்ளரில் தண்ணீர் குடித்தேன். ஒன்பதாம் நாள் கிளம்பிவிட்டேன்.

நோய் ஏழு நாளில் போய்விட்டது. டம்ளர்தான் போகவில்லை.

உங்கள் முதல் கடிதத்தில் ‘டம்ளரில் ஒட்டுமா’ என்று படித்தபோது, நல்லா வேணும் என்று ஒரு நொடி நினைத்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன். இப்போது நினைக்கவில்லை. அதில் நீங்கள் குடிக்கிறீர்கள் என்று படித்த பிறகு முடியவில்லை.

ஏப்ரல் எட்டாம் தேதி எனக்குக் காலை வேலை. வாருங்கள். வராவிட்டால் ஒன்பதாம் தேதி நான் உங்கள் கடை வாசலில் நிற்பேன், ஊசியோடு.

சுண்டு


ஏப்ரல் 10

என் சுண்டு,

பத்திரமா வந்து சேர்ந்தேன். பஸ்ஸுல பக்கத்து சீட்டுப் பொம்பளை என்மேல சாஞ்சு தூங்கிட்டா. எழுப்ப மனசு வரல. இவளுக்குத் தெரிஞ்சா இப்படிச் சாய்வாளான்னு நினைச்சுக்கிட்டே வந்தேன்.

நேர்ல வாயே வரல எனக்கு. ஊரையே பேச்சால வித்துடுவேன்னு உங்க அப்பா சொல்லுவாரு, உன் முன்னாடி ஊமையாயிட்டேன். நீ ரொம்ப மெலிஞ்சுட்டே. கண்ணுக்குக் கீழ கருவளையம். அந்த வெள்ளைக் கோட்டுல ரெண்டாவது பட்டன் ஆடிக்கிட்டு இருந்துச்சு. ஊசி இருந்தா அங்கயே கட்டிக் குடுத்திருப்பேன்.

பெஞ்சுல எனக்கு முன்னாடி ஒரு சின்னப் பொண்ணு, ஒரு லாரிக்கார ஆளு, ஒரு புருஷன் பெண்டாட்டி. யாரும் யார் முகத்தையும் பார்க்கல. எல்லாரும் சுவத்துல ஒட்டியிருந்த கை கழுவுற படத்தையே படிச்சுக்கிட்டு இருந்தோம். நானும் பத்து தடவை படிச்சேன். என் நம்பரைக் கூப்பிட்டப்பவும் காதுல விழாத மாதிரி அந்தப் படத்தையே பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தேன். நீ வந்து முழங்கையைப் பிடிச்சுத் தூக்கினே.

நீ கையுறை போட்டுக்கிட்டு ஊசி குத்தினே. சரி, அது உங்க வேலை முறை. ரத்தம் எடுத்து முடிச்சு உறையைக் கழட்டி எறிஞ்சுட்டு, வெறுங்கையால என் கன்னத்தைத் துடைச்சே பாரு, நான் அழுதுக்கிட்டு இருந்ததே எனக்கு அப்பத்தான் தெரிஞ்சது. அப்புறம் உன் கப்புல டீ ஊத்திக் குடுத்தே, பூனை படம் போட்டது. எனக்குப் பாதிக்குமேல இறங்கல. கழுவி வச்சுடறேன்னு எந்திரிச்சேன். நீ வாங்கி, துடைக்கக்கூட இல்ல, நான் வாய் வச்ச பக்கமாவே மிச்சத்தைக் குடிச்சுட்டே. பார்த்துக்கிட்டே குடிச்சே.

நான் பஸ் ஏறுற வரைக்கும் சொல்லணும் சொல்லணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு, முழுங்கிட்டேன். இப்ப எழுதறேன். அன்னிக்கு நான் உன்னைக் கேட்டிருக்கணும். ‘என்னடி ஆச்சு, வலிக்குதா’ன்னு கேட்டிருந்தா போதும். கேக்காம டம்ளரை எடுத்து வச்சேன். சாமிக்குப் பயந்து செஞ்சேன்னு இத்தனை வருஷம் நினைச்சுக்கிட்டு இருந்தேன். இல்லடி, உன்னைப் பார்த்துப் பயந்தேன். பெத்த பிள்ளை மாதிரி வளர்த்த பொண்ணைப் பார்த்துப் பயந்தேன். இப்ப என்னைப் பார்த்தே எனக்குப் பயம். மன்னிச்சுடுன்னு கேக்க வெக்கமா இருக்கு. கேக்கறேன்.

ரிசல்ட்டைச் சீக்கிரம் அனுப்பு. இல்ல, மெதுவா அனுப்பு. எப்படியாவது அனுப்பு. மருமகளுக்கு இடுப்பு வலி வந்து வந்து போகுது.

அத்தை


ஏப்ரல் 13

அன்பு அத்தை,

நேராகச் சொல்கிறேன். இரண்டு முடிவு.

எச்.ஐ.வி. இல்லை. பத்து வாரத்தில் இல்லை என்று வந்திருப்பது மிக நல்ல அறிகுறி. ஆனாலும் மூன்று மாதம் முடிந்த பிறகு இன்னொரு முறை பார்த்துத்தான் முற்றும் போடுவோம். மே ஆறாம் தேதி வாருங்கள்.

சிபிலிஸ் இருக்கிறது. இரண்டு விதமாகப் பார்த்தேன். சந்தேகமில்லை. ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டோம். பென்சிலின் ஊசி ஒரே நாளில் போட்டுவிட்டால் குணமாகிவிடும். அதற்குப் பிறகு சில மாத இடைவெளியில் ரத்தம் மட்டும் பார்த்துக்கொண்டு வர வேண்டும். இந்தக் கடிதத்தோடு சீட்டு வைத்திருக்கிறேன். உங்கள் ஊர்ப் பெரிய ஆஸ்பத்திரியில் பதினாலாம் நம்பர் அறை. அங்கே இருக்கும் அக்கா என்னோடு படித்தவள், ஒன்றும் கேட்க மாட்டாள். முன்பு எப்போதாவது ஊசி ஒவ்வாமல் போயிருந்தால் மட்டும் அவளிடம் சொல்லுங்கள். நாளைக்கே போங்கள்.

குழந்தையைத் தூக்கலாம். முத்தம் மட்டும் ஊசிக்குப் பிறகு, டாக்டர் சரி என்றதும்.

இன்னொன்று. அந்தப் பட்டன்காரருக்குச் சொல்ல வேண்டும். அவருக்குத் தெரியாமலே இருக்கலாம். உங்களால் முடியாவிட்டால் அவருடைய போன் நம்பரைக் கொடுங்கள், ஆஸ்பத்திரியிலிருந்து உங்கள் பேர் சொல்லாமல் சொல்வார்கள்.

நீங்கள் கேட்டதற்குப் பதில் எழுத இரண்டு மூன்று தடவை ஆரம்பித்தேன். வரவில்லை. வரும்.

சுண்டு


ஏப்ரல் 29

என் உயிர் சுண்டு,

உன் லெட்டரை மாஸ்டர் என் கையில குடுத்தப்ப கவரு நெருப்பு மாதிரி இருந்துச்சு. பிரிக்காம பட்டன் டப்பாவுக்குள்ள போட்டு மூடிட்டேன். அன்னிக்கு முழுசும் அந்த டப்பாவுலேர்ந்து ஒரு பட்டன் எடுக்கல. கறுப்புப் பட்டன் கேட்டதுக்கெல்லாம் வெள்ளைப் பட்டன் கட்டி வச்சிருக்கேன். மறுநாள் எட்டு சட்டையைப் பிரிச்சுத் திருப்பிக் கட்டச் சொன்னார் மாஸ்டர். கறுப்புப் பட்டனுக்காக டப்பாவைத் திறந்துதான் ஆகணும்னு ஆச்சு. அப்படித்தான் படிச்சேன்.

‘இல்லை’ன்னு ஒரு வரி, ‘இருக்கிறது’ன்னு ஒரு வரி. ரெண்டையும் சேர்த்து எந்த முகத்தை வச்சுக்கிறதுன்னு தெரியல. நீ மட்டும் அன்னிக்கு மிரட்டி எழுதலைன்னா, மன்னிச்சுட்டார்னு நினைச்சுக்கிட்டே நான் உள்ளுக்குள்ள அழுகியிருப்பேன். இப்ப கும்பிடும்போது சொல்றேன்: சாமி, நீ புண்ணை ஆத்தல, சுண்டுவை எழுத வச்சே, அதுதான் உன் வேலைன்னு. அவர் மறுக்கல.

பதினாலாம் நம்பர் அறைக்குப் போனேன். இடுப்புக்குக் கீழ ரெண்டு பக்கமும் ஒவ்வொரு ஊசி. அம்மாடி! ஒரு வாரம் மிஷின்ல ஒருக்களிச்சு உக்காந்தேன். மாஸ்டர் “மூட்டு வலியா?”ன்னு கேட்டார். ஆமான்னேன். மூட்டு எங்க இருக்குன்னு அவர் கேக்கல.

போன வாரம் அந்த ஆள் வந்தார். பாதியா இளைச்சுட்டார். கெட்ட வியாதியும் இல்ல ஒண்ணும் இல்ல, சிறுநீரகத்துல கல்லாம், அறுத்து எடுத்திருக்காங்க. அந்தப் பையன் வாய்க்கு வந்ததை உளறியிருக்கான். ஆனா பாரேன், உளறினது பொய், நான் பயந்தது நெசம். மாஸ்டர் டீ குடிக்கப் போன நேரத்துல சொன்னேன். “என் ரத்தத்துல இப்படி வந்திருக்கு. உங்களுக்கும் இருக்கும். பார்த்துடுங்க.” அவர் பெட்டி மேலயே உக்காந்துட்டார். “சத்தியமா எனக்குத் தெரியாதும்மா”ன்னார். அப்புறம், “எந்த ரூம்?”னு கேட்டார். பதினாலுன்னேன். பழக்க தோஷத்துல ஊசியை எடுத்தார், கை நடுக்கத்துல நூல் நுழையல. வாங்கி நானே கோர்த்தேன். அன்னிக்கு நீ கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போய் வாங்கிக் குடுத்த கண்ணாடியைப் போட்டிருந்தேன்ல. அவ்வளவுதான் எங்க கதை.

சேதியைக் கடைசியில சொல்றேன்னு திட்டாதே. இருபத்தஞ்சாம் தேதி காலையில பொண்ணு பொறந்துச்சு. நர்ஸ் துணியில சுத்திக் கொண்டு வந்து, பாட்டி யாருன்னு கேட்டா. நான் சுவத்தோட ஒட்டி நின்னேன். உன் அத்தான் என்னைப் பார்க்காமலே என் பக்கம் கையை நீட்டிக் காட்டினான். கட்டில்லேர்ந்து மருமக சொன்னா, “அவங்க வாங்க மாட்டாங்க, குடுக்காதீங்க.” அந்தக் குரல்ல எத்தனை மாசத்து வலிடி! உன் லெட்டர் ரவிக்கைக்குள்ளதான் இருந்துச்சு. ‘குழந்தையைத் தூக்கலாம்’. மூணு தடவை கை கழுவிட்டு வந்து வாங்கிக்கிட்டேன். பூ மாதிரி இருந்துச்சு, நழுவிடுமோன்னு பயம். ஆனா விடல. மருமக அப்படியே பார்த்தா. “இப்பவாவது தொட்டீங்களே அத்தை”ன்னு ஒரு அழுகை. அவளுக்கு நான் ஒரு பதில் கடன்பட்டிருக்கேன். ஒரு நாள் சொல்லுவேன். உன்கிட்ட சொல்லப் பழகிட்டேன்ல.

பயம் போயிடுச்சுன்னு எழுதினா பொய்யாயிடும். காலண்டர்ல மே ஆறாம் தேதித் தாளை மட்டும் பார்க்காம தள்ளிக்கிட்டு வர்றேன். நான் பஸ்ஸை விட்டு இறங்கும்போது நீ அங்க நிக்கணும். வேலை இருக்கு, ஆள் அனுப்பறேன்னு சொல்லிடாதே. வெள்ளைக் கோட்டையும் போட்டுக்கிட்டு வா, அந்த ரெண்டாவது பட்டனைக் கட்டணும், ஊசி நூலோட வர்றேன்.

அந்த டம்ளரைத் தூக்கிப் போடலாம்னு குப்பை வரைக்கும் கொண்டு போனேன். போட்டுட்டா, நான் செஞ்சதை நானே துடைச்ச மாதிரி ஆயிடும்னு தோணுச்சு. திரும்பக் கொண்டு வந்து கழுவிப் பைக்குள்ள வச்சிருக்கேன். ஆறாம் தேதி அதுல டீ வாங்கிக்கலாம். நீ முதல்ல குடி. துடைக்காதே. மிச்சத்தை எனக்குக் குடு.

உன்
அத்தை